அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கள்

மூத்தோர் வலி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூன்று மாதத்தைத் தாண்டியும் விடாத வலியை நாள்பட்ட வலி என்கிறோம். சமையல், கோயில், ரேஷன் கடை என்று தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் முதியவர்களைப் பற்றித்தான் இந்த முறை பெரும்பாலான கடிதங்கள். முதியோர் நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலும் வலி. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி, ஒரு வருடமாகக் காலையும் இரவும் வலி மாத்திரை போடுகிறார். கூடவே கேஸ் மாத்திரையும் போடுவதால் ஒன்றும் ஆகாது என்கிறார். பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் கலந்த ஒன்று சாப்பிடுகிறார். இப்போது பாதம் வீங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.6. "வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்" என்கிறார்கள் உறவினர்கள். அப்படித்தானா?
வாசகி, தஞ்சாவூர்

ப: இல்லை. இதை வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது. அந்த மாத்திரை அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் ‘அசிக்ளோஃபினாக் 100 மி.கி. + பாராசிட்டமால் 325 மி.கி.’ என்று இருக்கும். சிலவற்றில் செராஷியோபெப்டிடேஸ் என்று மூன்றாவதாக ஒன்றும் இருக்கும். வீக்கத்தை அது குறைக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. விலையை மட்டும் ஏற்றும்.

சிக்கல் அசிக்ளோஃபினாக்கில் இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் இதே குடும்பம். சிறுநீரகத்துக்குள் ரத்தத்தைக் கொண்டுவரும் குழாயை விரிவாக வைத்திருக்கும் வேதிப்பொருளை இவை தடுக்கின்றன. டெல்மிசார்ட்டான் போன்ற பிரஷர் மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. நீர் மாத்திரை உடலின் மொத்த நீரையே குறைக்கிறது. வரும் வழி சுருங்கி, போகும் வழி தளர்ந்து, நீரும் குறைந்தால் வடிகட்டத் தேவையான அழுத்தமே உள்ளே இருக்காது. மூன்றும் ஒரே உடம்பில் சேரக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். கோடையிலோ, இரண்டு நாள் பேதியிலோ இந்தச் சேர்க்கை ஒரே வாரத்தில் சிறுநீரகத்தைப் படுக்கவைத்துவிடும்.

கேஸ் மாத்திரை, அதாவது பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் போன்றவை, வயிற்றுப் புண்ணைத்தான் தடுக்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கால் வீக்கமும், பிரஷர் கட்டுக்குள் வராமல் ஏறுவதும் இந்த மாத்திரைகளின் வேலையாகவே இருக்கலாம். வீக்கத்துக்கு இன்னொரு நீர் மாத்திரையைச் சேர்த்தால் நிலைமை மோசமாகும்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. 1.6 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் கொஞ்சம்தானே கூட என்று தோன்றும். 68 வயதுப் பெண்ணுக்கு அந்த எண்ணை வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 35 வரும். 60க்குக் கீழ் மூன்று மாதம் நீடித்தாலே சிறுநீரக நோய் என்பார்கள். வயதானவர்களுக்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் தாழ்ந்தே தெரியும். ஆகவே ரிப்போர்ட்டில் இந்த வடிகட்டும் திறனைச் சொல்லும் ‘ஈஜிஎஃப்ஆர்’ என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள்.

செய்ய வேண்டியது: வலி மாத்திரையை இன்றே நிறுத்தலாம், இதைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து, பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினினை இரண்டு வாரத்தில் மறுபடி பாருங்கள். மாத்திரையால் ஏறியிருந்தால் பல நேரம் ஓரளவு இறங்கும். மலம் தார் போலக் கறுத்துப் போனால் இரைப்பையில் ரத்தக் கசிவு இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை.

இன்னொன்று. "மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கும், ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்று டைக்ளோஃபினாக் ஊசிக்குப் போகிறவர்கள் உண்டு. ஊசி வழியாகப் போனாலும் மருந்து ரத்தத்தில்தான் கலக்கிறது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் அதே தீங்குதான். இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள் என்பதைக் கடைக்காரருக்கும் நினைவுபடுத்தலாம்.

கே: அப்படியானால் முழங்கால் வலிக்கு எதைத்தான் போடுவது? பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரைதானே? களிம்பு தடவினால் ஒன்றுமே தெரிவதில்லை.
வாசகர், ஈரோடு

ப: களிம்பு தெரியாததற்கு அளவுதான் காரணம். டைக்ளோஃபினாக் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, கண்ணுக்கு மை தீட்டுகிற மாதிரி தடவினால் ஒன்றும் நடக்காது. முழங்காலுக்கான முழு அளவு ஒரு வேளைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு வேளை. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனிவரை நீளமாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அப்படி எட்டு முறை. முழங்கால் சில்லின் மேலும் இருபக்கமும் பின்பக்கமும் பரப்பித் தேய்த்து, ஒரு மணி நேரம் நனைக்காமல் விட வேண்டும். 30 கிராம் ட்யூப் ஒரு முழங்காலுக்கு இரண்டு நாள்கூட வராது. இந்தச் செலவு கட்டாதவர்கள் காலை, மாலை என்று இரண்டு வேளை 4 கிராம் தடவலாம். எட்டு வேளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவுவதைவிட இது மேல். பலன் தெரிய ஒரு வாரம் கொடுங்கள்.

ஜெல்லிலிருந்து ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான். அதனால்தான் முதியவர்களுக்கு இதை முதலில் வைக்கிறோம். தஞ்சாவூர் வாசகியின் அம்மாவைப் போல வடிகட்டும் திறன் குறைந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தடவ வேண்டும். ஜெல் தடவிய இடத்தில் ஹாட் வாட்டர் பேக் வைக்கக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. மருந்து கூடுதலாக உள்ளே போகும், தோலும் வெந்துபோகும்.

பாராசிட்டமாலைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறோம். மூட்டுத் தேய்மானத்தில் அதன் பலன் சுமார்தான். ஆனால் கெடுதலும் குறைவு. 650 மி.கி. மாத்திரையை வலி வந்த பிறகு போடாமல், வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போடுங்கள். இரண்டு மாத்திரைகளுக்கு இடையே குறைந்தது ஆறு மணி நேரம். நாளைக்கு நான்கு போட்டால் 2.6 கிராம் ஆகிறது. முதியவர்களுக்கு 3 கிராம்தான் எல்லை. 50 கிலோவுக்குக் குறைவானவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் 2 கிராமுக்குள் நிறுத்த வேண்டும். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை மூன்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். கூட்டிப் பாருங்கள்.

டிராமடால் (அபின் வகை வலி மருந்து) கலந்த மாத்திரை கொடுக்கப்பட்டால் முதல் வாரம் இரவில் தனியாகப் பாத்ரூம் போக விடாதீர்கள். தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் முழங்கால் வலி சின்ன விஷயமாகிவிடும். மலச்சிக்கலும் நிச்சயம் வரும். முதல் நாளிலிருந்தே அதற்கு மருந்து சேர்த்துக் கேளுங்கள்.

கே: எனக்கு 66. முழங்கால் தேய்ந்துவிட்டது, நடந்தால் இன்னும் தேயும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். நடப்பதை நிறுத்திவிட்டேன். வலி குறையவில்லை, இப்போது எழுந்திருக்கவே கஷ்டமாக இருக்கிறது.
வாசகி, திருநெல்வேலி

ப: நடக்காததால்தான் எழ முடியவில்லை. முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. அது மெலிந்தால் எல்லாப் பாரமும் மூட்டின் மேல் இறங்கும். முதலில் தசை, பிறகு நடை.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் துண்டைக் கீழே அழுத்தி, ஐந்து வரை எண்ணி, விடுங்கள். பத்து முறை, காலை மாலை. மூச்சை அடக்கக் கூடாது, வாய்விட்டு எண்ணினால் மூச்சு நிற்காது. ஒரு வாரம் கழித்து, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலை மடங்காமல் ஒரு அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது. கையில்லாத பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம். சுவரை ஒட்டிப் போட்ட, சுமார் 45 செ.மீ. உயரமுள்ள, அசையாத நாற்காலி. எழும்போது கையை ஊன்றலாம், உட்காரும்போது ‘தொப்’பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். இறங்குவதில்தான் தசை வளர்கிறது. ஐந்து முறையில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு கூட்டி, பதினைந்தில் நிறுத்துங்கள். பலன் தெரிய எட்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் "ஒன்றும் பிரயோஜனமில்லை" என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்துக்கு எத்தனை வலி என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது இரண்டு கூடி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் கூடுதலாகவே இருந்தால், முட்டி வீங்கினால், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முழுக்க நிறுத்த வேண்டாம். நல்லா இருக்கிற நாளில் வீட்டை முழுக்கக் கழுவி, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பதும் தப்பு. பத்து நிமிஷம் வேலை, ஐந்து நிமிஷம் உட்கார்வது என்று நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு வையுங்கள்.

கைத்தடியை வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில், வலது காலும் தடியும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். அதற்கு மேல் இருந்தால் தோள் வலிக்கும், கீழே இருந்தால் முதுகு வளையும். அடியில் உள்ள ரப்பர் வழவழப்பாகித் தேய்ந்துவிட்டால் மாற்றுங்கள், ஈரத் தரையில் அதுதான் வழுக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

எடை கூட இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது. குந்தி உட்காரும் கழிப்பறையை மாற்ற முடியாத வாடகை வீட்டில், அதன் மேல் வைக்கிற கம்மோடு நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். கால்களில் ரப்பர் புஷ் இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழகிய பிறகு பகலில் சப்பணமிட்டு உட்காருவதையும், தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதையும் குறைத்துக்கொண்டால் போதும். முழுக்க விட்டுவிட்டால் தரையிலிருந்து எழும் திறமையே போய்விடும். விழுந்துவிட்டால் எழ வேண்டுமே!

கே: முட்டிக்கு குளுக்கோசமைன், பிஆர்பி ஊசி, துளை போட்டுக் கழுவுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது?
வாசகர், சேலம்

ப: மூட்டுக்கென்று விற்கும் சத்து மாத்திரையான குளுக்கோசமைனுக்குச் செலவு செய்ய வேண்டாம். நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்து மூட்டுக்குள் போடும் பிஆர்பிக்கும், மூட்டுக்குள் போடும் ஜெல் ஊசிக்கும் விலைக்கேற்ற ஆதாரம் இல்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நன்றாகக் கேட்கும், வீங்கிப் போன முட்டிக்குச் சரி. சர்க்கரை நோயாளிக்கு அடுத்த சில நாள் சர்க்கரை எகிறும் என்று தெரிந்து போட்டுக்கொள்ள வேண்டும். தேய்மானத்துக்குத் துளை போட்டுக் கழுவும் அறுவை வீண். 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 180 பேரில் சிலருக்கு உண்மையான கழுவலும், சிலருக்குத் தோலில் மட்டும் கீறி வெறும் பாவனை அறுவையும் செய்தார்கள். இரண்டு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. மூட்டு மாற்று அறுவையை எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் இரவில் தூங்க முடியாமல், வீட்டுக்குள் நடக்கவே முடியாமல் இருந்தால் அப்போது யோசியுங்கள்.

கே: அப்பாவுக்கு 73. பஸ் ஸ்டாண்டு வரை நடந்தால் இரண்டு காலும் கனத்து வலிக்கிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடும். எம்ஆர்ஐயில் நான்கு இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் என்கிறார்கள்.
வாசகர், மதுரை

ப: எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். அறுபது வயதுக்காரர்களில் 69 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், எண்பது வயதில் 84 சதவீதம். படத்தில் இருப்பதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது.

அப்பாவிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். கால் கனக்கும்போது சும்மா நின்றால் போதுமா, உட்காரவோ முன்னால் குனியவோ வேண்டுமா? நடந்தால் வலிக்கிறதே, சைக்கிள் மிதித்தால் வலிக்கிறதா? குனிந்தால், உட்கார்ந்தால்தான் விடுகிறது, சைக்கிள் ஒன்றும் செய்யவில்லை என்றால் முதுகெலும்புக் குழாய் குறுகியிருக்கிறது. நின்றாலே விட்டுவிடுகிறது, கெண்டைக்கால் பிடிக்கிறது, பீடி சிகரெட் பழக்கமும் உண்டு என்றால் கால் ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க வேண்டும். பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும், பல இடங்களில் அந்த ஒரு நிமிஷம் செலவழிக்கப்படுவதில்லை.

குழாய்ச் சுருக்கம் என்றாலும் அவசர அறுவை தேவைப்படுவது அரிது. மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுத்து இருபது எண்ணிக்கை பிடிப்பது, நாளைக்கு மூன்று முறை. நிலையான சைக்கிள் பத்து நிமிஷம். வலி வருவதற்கு முன்பே உட்கார்ந்து எழுந்து நடப்பது. இதையெல்லாம் மூன்று மாதம் செய்து பார்க்கலாம்.

அவசரம் எது என்றால்: உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் அடைப்பது, கால் இழுப்பது. இவை வந்தால் அன்று இரவே பெரிய மருத்துவமனை. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் படுத்தாலும் விடாத முதுகுவலி என்றால் முதுகெலும்புக் காசநோயையும் புற்றுநோயையும் தேட வேண்டும். குடம் தூக்கும்போது ‘சுருக்’ என்று வந்த முதுகுவலி ஒரு வாரத்துக்கு மேல் நின்றால், அதுவும் பெண்களுக்கு, எலும்பு மெலிந்து முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே போதும்.

கே: 18 வருடமாகச் சர்க்கரை. இரவில் உள்ளங்கால் எரிகிறது, போர்வை பட்டாலே வலி. வெந்நீரில் கல் உப்பு போட்டுக் கால் வைத்தால் இதமாக இருக்கிறது. நரம்பு ஊசியும் போட்டாயிற்று.
வாசகர், கோயம்புத்தூர்

ப: வெந்நீரை உடனே நிறுத்துங்கள். எரிச்சலை உணரும் நரம்பு துடிக்கிறது, சூட்டை உணரும் நரம்பு செத்திருக்கிறது. கால் வெந்து கொப்புளித்ததே தெரியாமல் புண்ணோடு வருகிறவர்கள் பலர். தண்ணீர் வேண்டுமானால் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக, ஐந்து நிமிஷம்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கும், சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வைட்டமின் பி12 குறையும், அதுவும் இதே எரிச்சலைத் தரும். பி12 ஊசிக்கு முன் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். குறைவில்லாதவருக்கு ‘நரம்பு ஊசி’ போடுவதால் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை. எரிச்சலுக்கு டுலோக்செட்டின் 30 மி.கி., பிரீகாபலின், காபாபென்டின் ஆகியவற்றில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். பின்னிரண்டும் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை, கிரியாட்டினின் பார்க்காமல் அளவு சொல்ல முடியாது. மிகக் குறைந்த அளவில், இரவில் மட்டும் தொடங்கி, வாரத்துக்கு ஒரு படி ஏற்றுவது பாதுகாப்பு. பாதம் வீங்குவது, தள்ளாட்டம், பகலில் தூக்கம் மூன்றையும் கவனியுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. அமிட்ரிப்டிலின் மலிவு, ஆனால் முதிய ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைக்கும், குழப்பமும் வரும். தினமும் படுக்கும் முன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

கே: மாமியாருக்கு 74. விலாவில் அக்கி வந்து, மண்ணால் அக்கி எழுதினோம். கொப்புளம் காய்ந்துவிட்டது. நான்கு மாதமாகியும் சட்டை உரசினாலே துடிக்கிறார்.
வாசகி, திண்டுக்கல்

ப: சின்னம்மை வைரஸ் நரம்பு வேரில் பல வருடம் தூங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழுந்து வருவதுதான் அக்கி. நரம்பு காயப்பட்டுவிட்டதால்தான் தோல் ஆறியும் வலி ஆறவில்லை. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் 800 மி.கி. நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் கொடுத்திருந்தால் அந்த நாட்களின் கடுமை குறைந்திருக்கும். அக்கி எழுதுவதில் உள்ள நஷ்டம் அந்த மூன்று நாள் போய்விடுவதுதான். எழுதித்தான் ஆக வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருந்தால், முதலில் மருத்துவமனை, பிறகு எழுதுங்கள். உடைந்த கொப்புளத்தில் மட்டும் மண் படக் கூடாது. மூக்கு நுனியிலோ நெற்றியிலோ அக்கி வந்தால் அன்றே கண் மருத்துவர்.

இப்போதைக்கு: மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் 5 சதவீத ஒட்டுப்பட்டையை ஆறிய தோலில் 12 மணி நேரம் ஒட்டி, 12 மணி நேரம் எடுத்துவிடுவது. உரசும் தளர்ந்த ரவிக்கையைவிட, உடம்போடு ஒட்டிய மெல்லிய பருத்தி உள்ளாடை மேல். காபாபென்டின் 100 மி.கி. இரவில் தொடங்கலாமா என்று கேளுங்கள். இந்த அக்கிக்கான தடுப்பூசி இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேல், இரண்டு தவணை, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளி. வந்துவிட்ட வலியை அது போக்காது, உங்கள் வீட்டு மற்றப் பெரியவர்களுக்கு யோசிக்கலாம். விலை அதிகம்.

கே: ஒரு வைத்தியர் தந்த பொடியில் இரண்டே நாளில் எல்லா வலியும் போய்விட்டது. ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். பசி நன்றாக எடுக்கிறது, முகம் உருண்டையாகி இருக்கிறது. தொடரலாமா?
வாசகர், விழுப்புரம்

ப: நல்ல பசி, உருண்டை முகம், இரண்டே நாளில் சுகம். மூன்றும் சேர்ந்தால் பொடியில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றுதான் சந்தேகிக்க வேண்டும். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள், பெயர் ஒட்டாத பொட்டலம்தான் அடையாளம். ஆனால் கவனம்: இதைத் தடாலென்று நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்தில் உங்கள் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம் என்று உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் போய், காலை எட்டு மணி கார்ட்டிசோல் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்), சர்க்கரை, பிரஷர் பாருங்கள். தெரிந்த ஸ்டீராய்டுக்கு மாற்றி, வாரக் கணக்கில் குறைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

கே: வைட்டமின் டி 60,000 யூனிட் பொட்டலத்தை அம்மா எலும்புக்கு நல்லதென்று தினமும் பாலில் கலந்து ஒரு மாதம் குடித்துவிட்டார்.
வாசகி, சென்னை

ப: அது வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக எட்டு வாரம். உடனே நிறுத்துங்கள், கால்சியம் மாத்திரையையும் சேர்த்து. ரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் இன்றோ நாளையோ பாருங்கள். அதிக தாகம், வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். கொழுப்பில் சேர்ந்துகொள்வதால் பல வாரம் வரை கண்காணிக்க வேண்டியிருக்கும்.

கே: பாட்டிக்கு மறதி நோய். வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார். குளிப்பாட்டும்போது மட்டும் கத்துகிறார், அடிக்கிறார். தூக்க மாத்திரை கேட்கலாமா?
பேத்தி, நாகர்கோவில்

ப: அதற்கு முன் வலியைத் தேடுங்கள். வாயால் சொல்ல முடியாதவரிடம் ஐந்து விஷயம் பார்ப்போம்: மூச்சு வேகம், முனகல், முகச் சுளிப்பு, உடம்பை இறுக்குவது, தட்டிக்கொடுத்தால் அடங்குகிறாரா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 மதிப்பெண், மொத்தம் பத்து. சும்மா படுத்திருக்கும்போது ஒரு முறை, குளிப்பாட்டும்போது ஒரு முறை எழுதிவையுங்கள். குளிக்கும்போது மட்டும் ஏறினால் மூட்டோ தோளோ வலிக்கிறது.

பல், காதுக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி அழுத்திய புண், கால் நகம் உள்ளே வளர்ந்திருப்பது, மூன்று நாளாக மலம் போகாதது, சிறுநீர் தேங்கிய வயிறு, முதுகில் படுக்கைப் புண் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எங்கும் தெரியவில்லை என்றால், குளியலுக்கு 45 நிமிஷம் முன்னால் பாராசிட்டமாலை ஒழுங்காக ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நார்வேயில் 18 முதியோர் இல்லங்களில் மறதி நோயுள்ள 352 பேருக்கு முறைப்படி வலி மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளியானது. எட்டு வாரத்தில் ஆர்ப்பாட்டம் 17 சதவீதம் குறைந்தது, பலருக்குப் பாராசிட்டமாலே போதுமானதாக இருந்தது. கையைப் பிடித்து இழுத்து எழுப்பாமல், முதுகுக்குப் பின்னால் கைவைத்து எழுப்புங்கள். தோள் வலிக்கு இதுவே பாதி மருந்து.

கே: நானும் மனைவியும் மட்டும்தான். ஆஸ்பத்திரிக்கு அலைய முடியவில்லை. போனாலும் டாக்டர் ஐந்து நிமிஷம்தான் பேசுகிறார்.
வாசகர், தேனி

ப: ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கு வந்து பிசியோதெரபி செய்வதும் அதில் அடக்கம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்கள் பெயரையும், நடக்கச் சிரமம் என்பதையும் பதியச் சொல்லுங்கள். மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடம் சொன்னாலும் போதும். 104இல் மருத்துவ ஆலோசனையும், 14567இல் முதியோர் உதவியும் கேட்கலாம். சென்னை பக்கம் வர முடிந்தால் கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது.

ஐந்து நிமிஷத்தை வீணாக்காமல் இருக்க, முந்தைய வாரம் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே வலி, காலையா இரவா, எரிகிறதா குடைகிறதா, எதைச் செய்ய முடியவில்லை. "ரொம்ப வலிக்குது சார்" என்பதைவிட "இரவில் மூன்று முறை விழிக்கிறேன், முன்பு மாடிக்கு ஏறுவேன், இப்போது இல்லை" என்றால் மருத்துவர் உடனே பிடித்துக்கொள்வார். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியது, எண்ணெய், பொடி உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். தூக்கம், பசி, மனச்சோர்வு பற்றி அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வலியை அவை மூன்றும் கூட்டும்.

கே: தைலம் தேய்ப்பது நல்லதா?
வாசகி, காரைக்குடி

ப: தேய்க்கலாம், இதமாக இருக்கும். மெத்தில் சாலிசிலேட் உள்ள தைலத்தை, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் நிறையத் தேய்த்தால் ரத்தக் கசிவு வரலாம், அவர்கள் தவிர்க்க வேண்டும். தேய்த்த இடத்தில் ஒத்தடம் வேண்டாம். வெறும் தோலில் ஒத்தடம் என்றால் துணி சுற்றி, 15 நிமிஷம், தூங்கிப் போகாமல்.